ஆடு தொடாத இலை

மாடத்தியம்மாளிடம் பூச்சியை விரட்டும் இலைக்கரைசல் செய்யக் கற்க வந்தவர்களில் உலகநாதன்தான் மூத்தவர். பூச்சிமருந்துக் கடை நடத்தியவர். ஒரு மருந்தை விற்றுவிட்டு, மறுவாரமே, "இன்னொண்ணும் சேர்த்தாத்தான் கேட்கும்" என்று சொல்லிப் பழகியவர். யாரும் எதையும் முழுசாகச் சொல்லித்தருவார்கள் என்று அவர் நம்பியதே இல்லை.

நொச்சி, ஆடாதொடை, எருக்கு, ஊமத்தை, காட்டாமணக்கு. இடித்து, கோமியத்தில் ஊறப்போட்டு, இலை கரைந்ததும் வடித்துத் தெளிக்க வேண்டும்.

"அவ்வளவுதான் அண்ணாச்சி" என்றார் மாடத்தியம்மாள்.

அந்த 'அவ்வளவுதான்' உலகநாதனை உறுத்தியது. ஆறாவதாக ஒரு இலை இருக்கிறது, இந்த அம்மாள் அமுக்கிவிட்டார் என்றே நினைத்தார். இத்தனைக்கும் அவருடைய கத்தரியில் அசுவினிப் பூச்சி ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அவருக்கிருந்த ஒரே வெள்ளாமை அது.

ஒருநாள் காலையில் மாடத்தியம்மாள் இலை பறிக்கும்போது வேலிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தார். மாட்டிக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய?"

"நீங்க சொல்லாம விட்டதை."

மாடத்தியம்மாள் கோபப்படவில்லை. தொழுவத்திலிருந்த வெள்ளாட்டை அவிழ்த்து, கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

"என்னை நம்ப வேண்டாம். இவகிட்ட கேளுங்க. உங்களைவிடப் பெரிய சந்தேகக்காரி. ஆடு தொடாத இலைதான் பூச்சிக்கும் ஆகாது. இவ மோந்துட்டு மூஞ்சியத் திருப்புத இலையெல்லாம் பறிச்சிட்டு வாங்க."

பழக்கிவைத்த ஆடாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டேதான் உலகநாதன் கிளம்பினார். ஆடு நொச்சியை மோந்து விலகியது. எருக்கைப் பார்த்துத் தும்மியது. கிளுவை வேலியைக் கண்டதும் பாய்ந்து தின்றது. அவரை ஓடை, கரை, தரிசு என்று இழுத்தடித்தது.

மதியம் திரும்பி வந்து, பறித்த இலைக்கட்டை அவிழ்த்தார். அதே ஐந்து இலைகள்தான். மனிதருக்கு முகம் செத்துவிட்டது.

"சரிதானா அண்ணாச்சி?"

"சரிதான். ஆனா, ஆட்டுக்கும் தெரியாதது ஒண்ணு இருந்தா?"

மாடத்தியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வீட்டுல ஊறப்போட்ட கரைசல் என்ன ஆச்சு?"

"கொட்டிட்டேன். ஒரு இலை குறையுதேன்னு."

"அதுக்கு முந்திப் போட்டது?"

"அதையுந்தான்."

மாடத்தியம்மாள் ஆட்டைத் தடவிக்கொடுத்தார். அது கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இவளும் உங்களை மாதிரி ஒவ்வொண்ணையும் சந்தேகப்பட்டா அண்ணாச்சி. மோந்தா, வேண்டாம்னு விட்டா, அடுத்த செடிக்குப் போனா. வயிறு ரொம்பிட்டு. நீங்க இன்னும் மோந்துக்கிட்டே நிக்கிய. அங்க உங்க கத்தரியில பூச்சிக்கும் வயிறு ரொம்பிட்டு."