பொந்துத் தலைவரின் பேச்சு

ஒரு காட்டில் ஓர் அணில் இருந்தது, குழந்தைகளே. அந்த அணில் நான்தான்.

காட்டின் பொதுத் தானியம் முழுவதும் ஓர் இலுப்பை மரப் பொந்தில் இருந்தது. பொந்து நல்ல உயரத்தில். வாயும் குறுகல். ஏறி உள்ளே நுழைந்து பார்க்க என்னால் மட்டுமே முடியும். அதனால் என்னைத் தலைவராக்கினார்கள். வேறு தகுதி எனக்கு எதுவும் இல்லை.

நல்ல மழை பெய்த வருடம், கோடைக் கூட்டத்தில் கிளையில் நின்று, "பொந்து நிறையத் தானியம். வாருங்கள்" என்றேன். பேச்சு அவ்வளவுதான்.

அடுத்த வருடம் மழை குறைந்தது. "பொந்து நிறைவை நோக்கி நிதானமாகப் பயணிக்கிறது" என்று தொடங்கி, காற்று, மேகம், பக்கத்துக் காட்டுக் குரங்குகள் என எல்லாவற்றையும் தொட்டு முடித்தேன்.

மூன்றாம் வருடம் மழையே இல்லை. பொந்தில் ஏழு விதைகள் கிடந்தன.

கூட்டத்தில் காடை முன்னால் வந்தது. அதற்கு ஆறு குஞ்சுகள். இன்னும் பறக்கத் தெரியாதவை.

"அணிலாரே, தானியம் இருக்கிறதா, இல்லையா? மலைக்கு அந்தப் பக்கம் தினை விளைந்திருக்கிறதாம். மூன்று நாள் நடை. குஞ்சுகளின் காலில் தெம்பு இருக்கும்போதே கிளம்ப வேண்டும்."

"நல்ல கேள்வி" என்றேன். "இருப்பு என்பதை நாம் பரந்த பார்வையில் அணுக வேண்டும். வெறுமைக்கும் நிறைவுக்கும் இடையில்..."

முள்ளம்பன்றி சொக்கிப்போனது. "அடடா, என்ன ஆழம்! ஒன்றுமே புரியவில்லை."

"நீங்கள் பேச்சைக் கேட்கிறீர்கள், அண்ணே. நான் நிழலைப் பார்க்கிறேன்" என்றது காடை. "நல்ல வருடத்தில் மர நிழல் அசையும் முன்பே முடித்துவிட்டார். போன வருடம் நிழல் அந்தப் புற்று வரை வந்தது. இன்று புற்றைத் தாண்டிவிட்டது, இவர் இன்னும் முன்னுரையில் இருக்கிறார். பொந்து காலி. நடையைக் கட்டுங்கள்."

நான் "ஆகவே" என்று நிமிர்ந்தபோது கீழே யாரும் இல்லை.

ஏழு விதைகளையும் தின்றுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

மலைக்கு அந்தப் பக்கம் ஆறு குஞ்சுகளும் தினை கொத்திக்கொண்டிருந்தன. நான் காடையின் எதிரே போய் நின்று தொண்டையைச் செருமினேன்.

"தற்போதைய சூழலில், என் வயிற்றின் நிலையைப் பொறுத்தவரை..."

"பசிக்கிறதா?" என்றது காடை.

"ஆமாம்."

"அப்படிச் சொல்லுங்கள்" என்று ஒரு கதிரை என் பக்கம் தள்ளியது.

நீதி: கையிருப்பு குறையக் குறையத் தலைவரின் பேச்சு நீளும், பேச்சு நீண்டால் மூட்டையைக் கட்டு.