புல் பிடிக்காத இடம்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. அதை நடத்திவந்த பெரிய சாமி, கண்ணை மூடுவதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என் மேல கல்லு வைக்காதீங்க. புல்லு போடுங்க. உயிரோட ஏதாவது இருக்கட்டும்."

அந்த வேலையை சென்னியப்பன் எடுத்துக்கொண்டார். மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு கோபியில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்தவர். அப்போது அவரைச் சாப்பிட வைத்தது சாமி. தூங்க வைத்ததும் சாமிதான். சாமிக்குப் பிறகு பொறுப்புக்கு வந்த திலகவதி அம்மா அவரைவிட மிகவும் இளையவர். சென்னியப்பன் அவரையும் குருவாக ஏற்றுக்கொண்டார், முதலில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான்.

சாமிக்குப் பிடித்தது ஃபெஸ்க்யூ என்கிற குளிர்நாட்டுப் புல். சென்னியப்பன் சமாதி மண்ணைக் கொத்திப் புரட்டினார், கல் பொறுக்கினார், மக்கிய சாணி எரு கலந்தார். பெருமழை ஓய்ந்த நேரம் பார்த்து விதைத்து, மேலே மெல்லிசாக வைக்கோல் தூவினார். வளர்ந்த பிறகும் ஒட்ட வெட்டாமல் நான்கு விரல் உயரம் விட்டே வெட்டினார். தினமும் தெளிக்காமல், மண்ணைக் காயவிட்டு, வேர் வரை இறங்கும்படி ஊற்றினார். பஸ்ஸைக்கூட அவர் இவ்வளவு பக்குவமாக ஓட்டியிருக்க மாட்டார்.

எல்லாப் பக்கமும் பச்சைப் பசேலென்று வந்தது. தலைமாட்டில் மட்டும் பாதிப் பாய் அகலத்துக்கு வெறும் மண் தெரிந்தது.

அருகம்புல்லாக இருந்தால் பக்கத்திலிருந்து கொடி ஓடி மூடியிருக்கும். இந்தப் புல் அப்படி ஓடாது. முளைத்த இடத்தில் கொத்தாக நிற்கும், அவ்வளவுதான். வெறும் இடத்தில் மறுபடி விதைக்க வேண்டும். சென்னியப்பன் விதைத்தார். முளை வந்தது, போனது. அடுத்த வருஷமும் விதைத்தார். அதுவும் போனது.

மண்ணை மாற்றினார். புழு இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்தார். பிறகு மனிதர்கள்மேல் சந்தேகம் வந்தது. சுற்றிலும் கயிறு கட்டி, 'மிதிக்காதீர்கள்' என்று பலகை வைத்தார். அதன் பிறகு ஆசிரமத்து நாய்மேல் சந்தேகம் வந்தது. அதையும் கட்டிப்போட்டார். ஒரு பாவமும் அறியாத அந்த நாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இந்த வருஷமும் முளை போனது. சென்னியப்பன் திலகவதி அம்மாவிடம் வந்தார்.

"கல்லு போட்டுரலாமுங்கம்மா."

"சாமி வேண்டாம்னு சொன்னாரே?"

"சொன்னாருங்க. என்னால முடியலீங்க. சலிச்சுப் போச்சு. காலையில எந்திரிச்சா கையி மம்பட்டியத் தொட மாட்டேங்குது."

"கல்லுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டனுங்க. இன்னைக்கு மத்தியானம் வண்டி வருது. கல்லப் பதிச்சுட்டு நானும் ஊருக்குக் கெளம்பறனுங்க."

"ஊர்ல யார் இருக்காங்க?"

"ஆருமில்லீங்க. அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அதையே செய்ய முடியாதவன் இங்க இருந்து என்னத்துக்குங்க?"

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. அது அம்மாவை வருத்தியது.

"சரி, பதிங்க. காலையில சாமியக் கும்பிட்டாச்சா?"

"இல்லீங்க. எந்த மொகத்த வெச்சுட்டுப் போறது?"

"போறவர் சொல்லிட்டுப் போகணுமில்ல. வாங்க."

வாசலில் கோலமாவு டப்பா இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் நடந்தார். மூடுபனி இன்னும் விலகவில்லை. நாய் இருந்த இடத்திலிருந்தே இருவரையும் பார்த்தது.

சென்னியப்பன் செருப்பைக் கழற்றினார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். கண்ணை மூடி, மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தார். தினமும் அப்படித்தான். விடிகிற நேரத்தில் வந்து, அழுகை ஓயும்வரை கிடப்பார். இன்று அழுகை சீக்கிரம் ஓயவில்லை.

அம்மா டப்பாவைத் திறந்தார். சென்னியப்பனுடைய பாதம், முழங்கால், முழங்கை, தலை என்று சுற்றிலும் மாவால் ஒரு கோடு இழுத்தார். பிறகு கயிற்றுக்கு வெளியே வந்து நின்றுகொண்டார்.

"எந்திரிங்கண்ணா. கண்ணத் தொறந்து பாருங்க."

சென்னியப்பன் எழுந்து பார்த்தார். கோட்டுக்கு உள்ளே மண். கோட்டுக்கு வெளியே புல். எங்கேயும் ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

குனிந்து, தன் முழங்கால் பதிந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டிட்டுத்தானுங்க வருவேன்."

"தெரியும்."

"வெதச்சப்பக்கூட வைக்கோல் மேல மெதுவாத்தானுங்க முட்டி போட்டேன்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏனுங்கம்மா சொல்லல? நாயக்கூடக் கட்டிப்போட்டனே."

"அழுதுட்டு இருந்தீங்க. குறுக்க எப்படிப் பேசுறது?"

சென்னியப்பன் கையில் ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"அப்ப நானு இனிமே இங்க வரக் கூடாதுங்களா?"

"யார் சொன்னா?"

"கல்லு வண்டி வந்துருமுங்களே."

"வரட்டும். துவைக்கிற எடத்துல காலு சேத்துல பொதையுது. அங்க போடுவோம்."

அம்மா இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். விதை. எப்போது முடிந்து வைத்தார் என்று தெரியவில்லை. சென்னியப்பன் இரண்டு கையாலும் வாங்கி, கோட்டுக்குள் தூவினார். விரலால் மண்ணைக் கிளறி மூடினார். பழகிய கை, சலிப்பிலும் தவறவில்லை.

தூவி முடித்து நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, வெளியே போக வழியில்லை. காலடியில் விதை. சுற்றிலும் அவரே பார்த்துப் பார்த்து வளர்த்த புல். ஒரு காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"அம்மா, புல்ல மிதிக்கணுமுங்களே."

"மிதிங்க."

"நாளைக்கும் கும்பிட வருவனுங்களே. அப்ப எங்க முட்டி போடுறது?"

"அதே புல்லு மேலதான். ஆனா வேற பக்கம். ஒரு நாள் மிதிச்சா அது எந்திரிச்சுக்கும், அண்ணா."