தலைப்பாகையில் விழுந்தது

முன்னொரு காலத்தில் நாரையம்பதி என்ற நகரத்தைக் கனகவளவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ராஜா என்றதும் பெரிய ராஜா என்று நினைத்துவிடாதீர்கள். கோட்டை வாசலில் நின்று அவன் தும்மினால் பக்கத்து நாட்டுக்காரன் "நூறாயுசு" என்பான், அவ்வளவுதான் நாடு. ஆசைதான் பெரிது. வெளிநாட்டார் யாராவது தனக்குக் கப்பம் கட்ட வேண்டும் என்று பட்டம் சூடிய நாளிலிருந்து காத்திருந்தான். ஒரு செல்லாக்காசுகூட வரவில்லை.

நகரத்தின் நடுவில் ஓர் ஏரி, கரையெல்லாம் மரம். ஐப்பசி பிறந்தால் கடல் தாண்டிப் பறவைகள் வந்து இறங்கும். பார்க்க ஊரே திரளும். வந்தவர்கள் சுண்டல் வாங்குவார்கள், வறுத்த மீன் வாங்குவார்கள், வேலாத்தாளின் படகில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றுவார்கள்.

ஒருநாள் ராஜாவும் புதுப் பட்டுத் தலைப்பாகையோடு ஏறினான். கரையில் ஜனம் வாழ்த்த, கம்பீரமாகத் தலையை நிமிர்த்தினான். பொத்தென்று விழுந்தது பறவை எச்சம். ஒரு குழந்தை சிரித்தது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"என் தலையிலேயா!" என்று அரண்மனையில் வந்து குதித்தான் ராஜா.

அரசவைப் பிரபு விருதுராயருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கரையில் கடைத்தெரு கட்டிக் குத்தகை வாங்க அவருக்கு வெகுநாளாக ஆசை. மந்திரி அம்பலவர்தான் ஒவ்வொரு முறையும் தடுத்துவந்தார்.

"இது ராஜநிந்தனை, மகாராஜா! கரை மரங்களை வெட்டிச் சாய்த்தால் பறவைகள் தானாக ஓடிவிடும்" என்றார் ராயர்.

"நாளைக் காலையிலேயே வெட்டு!" என்றான் ராஜா.

வேலாத்தாள் மந்திரியிடம் ஓடினாள். "சாமி, பறவை போச்சுன்னா கூட்டம் போச்சு. கூட்டம் போச்சுன்னா எம் பொழப்பு போச்சு. படகை ஒடைச்சு அடுப்புல வெக்க வேண்டியதுதான்!"

"உடைக்காதே, துடைத்து வை. நாளைக்குப் பெரிய இடத்துச் சவாரி இருக்கிறது" என்றார் அம்பலவர்.

காலையில் கோடரிகள் வந்தன. ராஜாவும் வந்தான். அம்பலவர் கைகூப்பினார். "மகாராஜா, குற்றம் செய்தது ஒரு பறவை. எல்லாவற்றையும் விரட்டினால், குற்றவாளியைக் கண்டுபிடிக்கத் தெரியாத ராஜா என்று ஊர் பேசும். அதே தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு ராயர் மரத்தடியில் உட்காரட்டும். குற்றவாளி மறுபடி வருவான், பிடித்துவிடலாம்."

"நானா?" என்று அலறினார் ராயர்.

"ராஜ தலைப்பாகையை வேண்டாம் என்பதும் ராஜநிந்தனைதானே, ராயரே?"

தலைப்பாகை கட்டிய ராயரை ஏற்றிக்கொண்டு வேலாத்தாள் படகைத் தண்ணீர்மேல் சாய்ந்த அடர்ந்த மரத்தின் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள். பொத்! "இதுவா?" என்று கரையிலிருந்து கேட்டார் அம்பலவர். "இல்லை, இது கொக்கு!" பொத்! "இதுவா?" "ஐயோ, இது நாரை! படகை எடுடி!"

"நகர மாட்டேங்குது, எசமான்" என்றாள் வேலாத்தாள், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் பட்டு எது, ராயர் எது என்று தெரியவில்லை. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அம்பலவரே, எல்லாமே குற்றவாளிகள்தானா?"

"விசாரணையில் வேறொன்று தெரிகிறது, மகாராஜா. இவை நம் மீனைத் தின்றுவிட்டுச் சும்மா போவதில்லை. தண்ணீரில் எரு போடுகின்றன. அது மதகு வழியாக வயலுக்குப் பாய்ந்து நம் களஞ்சியத்தை நிரப்புகிறது. ஏரிக்குக் கீழே ஒரு கூடை எருகூடப் போடாமல் முப்போகம் எடுப்பவர் ராயர்தான். அவரையே கேளுங்கள்."

ராயர் வாயைத் திறக்கவில்லை. மேலே மரம். தலையை மட்டும் ஆட்டினார்.

"வெளிநாட்டிலிருந்து வந்து, கேட்காமலே, வருஷம் தவறாமல் நம் களஞ்சியத்துக்குச் செலுத்துகிறார்களே. இதற்கு என்ன பெயர், மகாராஜா?"

ராஜா நிமிர்ந்து நின்றான். கண் கலங்கிவிட்டது. "கப்பம்!"

"முந்தாநேற்றுவரை ஏரியில் போட்டார்கள். நேற்று நேரிலேயே செலுத்திவிட்டார்கள்."

கோடரிகள் திரும்பிப் போயின. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. ராயருக்குப் பெரிய பதவியே கிடைத்தது. வருஷா வருஷம் ஐப்பசி முதல் நாள், அதே மரத்தடியில் அமர்ந்து, ராஜாவின் சார்பாக அந்நிய தேசத்துக் கப்பத்தைத் தலையால் வாங்கிக்கொள்ள வேண்டியது.

அதற்குப் பிறகு ஐப்பசியில் ஊருக்கு இரண்டு வேடிக்கை, பறவையும் ராயரும். கூட்டம் தாங்காமல் வேலாத்தாள் இன்னொரு படகு வாங்கினாள்.