யாக் தன் குரலை விழுங்கிய கதை

அந்தக் காலத்தில், மிருகங்கள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த நாளில், பாமிர் மலையிலேயே பெரிய குரல் யாக்குக்குத்தான் இருந்தது. சடைசடையாக ரோமம் தொங்கும் அந்தப் பனிமலை மாடு ஒரு முகட்டில் நின்று கன்றைக் கூப்பிட்டால், அடுத்த முகட்டில் தூங்கும் மலை ஆடு திடுக்கிட்டு எழுந்து திட்டும். "உன் வீட்டு விஷயம் ஊருக்கெல்லாம் தெரியணுமா?" என்று கேட்கும். யாக் அதைச் சட்டை செய்யாமல் இன்னொரு தரம் கத்தும்.

அங்கே வாழ்ந்த இஸ்மாயிலி முஸ்லிம் மக்களும் சளைத்தவர்கள் இல்லை. இடுப்பில் யாக் ரோமக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பனியில் ஏறும்போது, "இழு!", "விடு!", "அங்கேயே நில்லு!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். சத்தம் போட்டால்தான் துணிச்சல் வரும் என்று நினைத்தார்கள், பாவம்.

ஓர் ஆண்டு பனி முந்திக்கொண்டது. மேய்ச்சல் வெளியிலிருந்து ஊரே அவசரமாக இறங்க வேண்டியதாயிற்று. மந்தையை நடத்துவது அங்கே பெண்கள் பொறுப்பு. அன்றைக்கு அது மெஹர்நிகார் கையில் இருந்தது. அவள் தம்பி நியாத் கயிற்றுச் சுருளோடு கூடவே நடந்தான். கணவாய்க்குக் கீழே ஒரு குறுகலான பாதை. அதற்கு மேலே சரிவில் புதுப்பனி கனத்துத் தொங்கியது. தொட்டில் சுமந்த தாய்மார், கிழவர்கள், ஆடுகள் எல்லாரும் அதன் அடியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்போது மூடுபனி இறங்கியது. யாக்கின் கன்று வழி தவறி, பக்கத்துப் பனிப்பிளவுக்குள் சறுக்கி, ஒரு விளிம்பில் போய் நின்றது. இன்னும் ஓர் அடி வைத்தால் பாதாளம். அதற்கு அது தெரியவில்லை. "அம்மா, எங்கே இருக்கே? நான் வரட்டுமா?" என்று சின்னக் குரலில் கேட்டது.

தாய் வாயைத் திறந்தது.

"கத்தாதே!" என்று பாறை தாவி வந்து காதோடு காதாகச் சொன்னது மலை ஆடு. "மேலே பார். உன் சத்தம் பட்டால் அத்தனை பனியும் ஜனங்கள் தலையில் இறங்கிவிடும்."

"கத்தாவிட்டால் என் பிள்ளை நடந்துவிடுமே!"

நியாத்தும் பதறிப்போய்க் கத்த வாயெடுத்தான். மெஹர்நிகார் அவன் வாயைப் பொத்தினாள். யாக்கின் வாயைப் பொத்த அவளுக்கு மனம் வரவில்லை. பெற்றவளிடம் அதை எப்படிச் சொல்வது?

யாக் பாதையைப் பார்த்தது. தொட்டில்களைப் பார்த்தது. பிறகு, தொண்டை வரை வந்துவிட்ட அந்த மாபெரும் குரலை அப்படியே விழுங்கியது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. குரல் நெஞ்சுக்குள் இறங்கி, கால்வழியே பனிக்கட்டிக்குள் போய், 'உர்ர்ர்' என்று அதிர்ந்தது. சரிவுப் பனிக்கு அது கேட்கவில்லை. கன்றின் குளம்புக்குக் கேட்டது. அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று கன்று அசையாமல் நின்றது.

மெஹர்நிகார் கயிற்றை இடுப்பில் முடிந்தாள்.

"அக்கா, உன்னையும் கன்றையும் தூக்க என் பலம் போதாது," என்று நியாத் கிசுகிசுத்தான்.

"மறுமுனையை யாக்கோடு கட்டுடா. நான் குரல் கொடுக்க மாட்டேன். கயிற்றை ஒரு தரம் சுண்டி இழுப்பேன். அதுதான் பேச்சு."

"யா அலி மதத்," அலியே துணை என்று உதடு மட்டும் அசைய, பிளவுக்குள் இறங்கினாள். நியாத் கயிற்றில் கை வைத்துக் காத்திருந்தான். கயிறு துடித்தது. யாக் இழுத்தது. மூடுபனிக்குள்ளிருந்து கன்றைக் கட்டிப் பிடித்தபடி மெஹர்நிகார் மேலே வந்தாள்.

கடைசி ஆளும் பாதையைக் கடந்தபின், சரிவுப் பனி தானாகவே பெயர்ந்தது. மலையே எழுந்து நடந்த மாதிரி இருந்தது. பாதை இருந்த இடமே தெரியவில்லை.

கன்று தாயை முட்டியது. "அம்மா, நான் பயந்தே போயிட்டேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிடேன்."

யாக் வாயைத் திறந்தது. 'உர்ர்' என்றுதான் வந்தது. மறுபடி முயன்றது. அதே உறுமல். கன்று வெகுநேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தது. பிறகு அதுவும் பேச்சை விட்டுவிட்டு, மெல்ல உறுமியது.

அன்று முதல்தான் யாக் கத்துவதில்லை, உறுமுகிறது. அந்த மலைப் பெண்களும், தம் பிள்ளையை முதன்முதல் பனியேறும் கயிற்றில் கட்டும்போது ஒரு வார்த்தையும் சொல்லாமல், அதன் உள்ளங்கையை எடுத்து யாக்கின் தொண்டைமேல் வைக்கிறார்கள்.