நல்ல நேரத்தில் துடைத்த கண்ணாடி

கண்ணாடியில் அழுக்கு இருக்கும்வரை ஈரச் செய்தித்தாள் ஊமையாக வழுக்கும். அழுக்குப் போன பிறகுதான் கீச்சென்று பேசும். நான் படித்த கல்லூரியின் விடுதியில், சனிக்கிழமைக் காலைகளில், அந்தக் கீச்சொலி அறை அறையாக நடந்து வரும். இந்த வழக்கைக் கேட்டபோது முதலில் ஞாபகம் வந்தது அதுதான். வழக்கில் மூன்று பேர். மூவரும் நல்லவர்கள். கேட்பவருக்குக் குழப்பம் வருவதே அதனால்தான்.

பொள்ளாச்சியில் நாச்சிமுத்து பிரஷர் வாஷ் தொழில் செய்கிறவர். மெஷினால் தண்ணீரை வேகமாகப் பீச்சி, சுவரிலும் தரையிலும் ஏறிய பாசியைப் பெயர்த்தெடுக்கும் வேலை. மெஷினைப் பிடிப்பது அவருடைய தங்கை கணவன் வெள்ளிங்கிரி. சுவரைக் கழுவும்போது பக்கத்து ஜன்னல்களில் அழுக்குத் தெறிக்கும். அதைத் துடைத்துக் கொடுப்பது நாச்சிமுத்துவின் மனைவி தெய்வானை. பல வருடங்களாகத் துடைத்தாள். அதை ஒரு வேலை என்று யாரும் சொன்னதில்லை.

போன தை மாதம் அவளே கேட்டாள். "கண்ணாடி தொடைக்கறதையும் தொழிலாச் சேத்துக்கலாமுங்க. நான் பாத்துக்கறேன்."

நாச்சிமுத்து கடைப் பலகையில் ஒரு வரி கூட்டி எழுதச் சொன்னார்: 'ஜன்னல் கண்ணாடிகளும் துடைத்துத் தரப்படும்.' கூடவே ஒரு நிபந்தனை. "மொத வேலை சொதப்புச்சுன்னா அந்த வரிய அழிச்சுப்போடுவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

முதல் வேலை ஒரு கல்யாண மண்டபம், வெள்ளிக்கிழமை. சுவரும் கழுவ வேண்டும், கண்ணாடியும் துடைக்க வேண்டும். சாயங்காலம் பெண் வீட்டார் மண்டபத்தைப் பார்க்க வருகிறார்கள். சுவர் முதலில், கண்ணாடி பிறகு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாச்சிமுத்து காலண்டரைப் பார்த்தார்.

"புதுத் தொழிலு. பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள நீ கண்ணாடில கை வெச்சிரோணும்."

"செவுத்துல அடிச்சாத் தெறிக்குமுங்களே?"

"சாஸ்திரத்துக்கு ஒண்ணே ஒண்ணு தொடை. போதும்."

அவள் தொழில் நன்றாக நடக்கட்டும் என்ற அக்கறையில்தான் சொன்னார். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெய்வானை நல்ல நேரத்தில் ஒரு கண்ணாடியைத் துடைத்தாள். கைகட்டி நின்ற மண்டப மேனேஜர் சிரித்தார். "இவ்வளவுதானாம்மா? இதுக்கா போர்டெல்லாம் எழுதி வெச்சீங்க?" அவளுக்குச் சுருக்கென்றது. வாசல் பக்கத்து வரிசை முழுவதையும் கீச்சொலி கேட்கும்வரை துடைத்து முடித்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டாள்.

ராகு காலம் முடிந்ததும் வெள்ளிங்கிரி மெஷினை எடுத்தான். வரிசை முழுக்க மின்னுவதைப் பார்த்துத் தயங்கினான்.

"மச்சான், அக்கா எல்லாத்தையும் தொடைச்சு வெச்சிருக்குது. பிளாஸ்டிக் சீட்டு ஏதாச்சும் கட்டிட்டு அடிக்கட்டுங்களா?"

"உனக்குச் செவுரு, அவளுக்குக் கண்ணாடி. நான் ஒண்ணுன்னுதான் சொன்னேன். நீ அடி."

அடித்தான். பாசித் தண்ணீர் கண்ணாடிகளில் வழிந்தது. போர்வெல் தண்ணீரின் உப்பு வெயிலில் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்தது.

திரும்பி வந்த தெய்வானை ஒருமுறை பார்த்தாள். "கெடுத்த கை தொடைக்கட்டும்," என்றாள். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி மண்டபப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நேரமாச்சு. எந்திரி," என்றார் நாச்சிமுத்து.

"எந்திரிக்க மாட்டனுங்க."

"அப்ப அந்த வரிய அழிச்சிருவேன்."

"அழிங்க. பெயிண்டு நானே வாங்கித் தர்றேன்."

கோபத்தில் நாச்சிமுத்து மெஷினை எடுத்து, அதே போர்வெல் தண்ணீரைக் கண்ணாடிமேல் அடிக்கப் போனார். வெள்ளிங்கிரி பிளக்கைப் பிடுங்கினான். "இருக்கற உப்புப் பத்தாதுங்களா மச்சான்?" பிறகு குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரையும் பழைய செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு வரிசையின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். தெய்வானையின் முதுகுக்குப் பின்னால் தாள் வெகுநேரம் ஊமையாக வழுக்கியது. பிறகு பேசியது. அவள் திரும்பவில்லை.

பெண் வீட்டார் வந்தார்கள், பார்த்தார்கள், உள்ளே போனார்கள். மேனேஜருக்குத் திருப்தி. "கண்ணாடி நல்லா இருக்குது," என்றார்.

"அக்கா தொடைச்சதுங்க," என்றான் வெள்ளிங்கிரி.

தெய்வானை படியிலிருந்தபடியே சொன்னாள்: "நான் தொடைச்சது மத்தியானமே போச்சுங்க. இது தம்பி தொடைச்சது."

நாச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

இப்போது சொல்லுங்கள். ஒருவர் நல்ல நேரம் பார்த்தார். ஒருத்தி துடைக்க மறுத்தாள். ஒருவன் துடைத்துவிட்டுப் பெயரை அவளுக்குக் கொடுத்தான். இதில் யார் செய்தது சரி? பலகையில் இருக்கும் அந்த வரியை அழிக்கலாமா?

விடை: ராகு காலத்தின்மேல் பழி போட வேண்டாம், ஒரு கண்ணாடியோடு நின்றிருந்தால் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வரிசை முழுவதையும் துடைத்தது தெய்வானையின் ரோஷம், அது பிசகுதான். ஆனால் அந்தப் பிசகைச் சரிசெய்ய மத்தியானம் வெள்ளிங்கிரியிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. சுவர் வேலையை நிறுத்தச் சொல்லக்கூடியவர் நாச்சிமுத்து ஒருவரே. அவர் அந்தக் கேள்வியைத் துரத்திவிட்டார். தெறித்ததைத் துடைப்பது சுவர் கழுவும் வேலையின் கடைசிப் பகுதி. கண்ணாடித் தொழில் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஆகவே வெள்ளிங்கிரி துடைத்தது சரி. தெய்வானை எழுந்து துடைத்திருந்தால், பெயரில்லாமல் அத்தனை வருடம் செய்ததையே மறுபடியும் செய்திருப்பாள். ஆகவே அவள் உட்கார்ந்திருந்ததும் சரி. அவன் சொன்ன பொய்யை அவளே துடைத்துவிட்டாள். சொதப்பியது சுவர் வேலை. அழிக்கச் சொன்னது கண்ணாடி வரியை. அதில் நியாயம் இல்லை.

நாச்சிமுத்து அதை அழிக்கவில்லை. அந்த ஆவணியில் வெள்ளிங்கிரி மெஷினை மச்சானிடமே கொடுத்துவிட்டான். இப்போது அவன் தெய்வானையோடு கண்ணாடி துடைக்கப் போகிறான்.