வேம்பன் வாயில் வராத தொகை

சட்டம் போட்டவர் ராஜா. அதில் ஓட்டை தேடியவர் மந்திரி. கருங்கல் மலையைக் குத்தகைக்கு எடுத்தவர் அரண்மனைக்கு என்ன கொடுத்தார் என்பதைப் பௌர்ணமிதோறும் ஊரறியத் தண்டோரா போட வேண்டும். இதுதான் புதுச் சட்டம்.

தண்டோராக்கார வேம்பனைக் கூப்பிட்டு மந்திரி மிரட்டினார்: "சட்டப்படி தண்டோரா போடு. ஆனால் தொகை உன் வாயிலிருந்து வந்தால் தலை போகும்!"

"வராதுங்க சாமி."

பௌர்ணமியன்று சந்தைக்கு ராஜாவும் வந்திருந்தார். வேம்பன் முழங்கினான்: "குத்தகைக்காரர் பவளநாதர் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் கொடுக்கவில்லை!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பவளநாதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரடா சொன்னது? ஆயிரம் பொன்னை மந்திரி கையிலேயே கொடுத்தேன்!"

ராஜா திரும்பினார். "மந்திரி, கஜானாவுக்கு வந்தது இருநூறுதானே?"

மந்திரி வேம்பனை முறைத்தார்.

"என் வாயிலிருந்து வரலையே சாமி!" என்றான் வேம்பன்.