சபைக்கல் திரும்பிய கதை

முன்னொரு காலத்தில், போர் முடிந்தும் பயம் முடியாத ஒரு நாட்டைத் தருமசேகரன் என்ற அரசன் ஆண்டுவந்தான். இருபது ஆண்டுகளாகச் சமவெளிக்காரர்களும் மலைக்காரர்களும் வெட்டிக்கொண்டு, இரு பக்கமும் களைத்துப்போன பிறகு, ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். மலைக்காரர்கள் தங்கள் வேல்களை ஒரு பெரிய குழிக்குள் போட்டார்கள். குழியில் பாதியை மண் தள்ளி மூடினார்கள். அரசன் தன் வாக்கைக் காப்பாற்றிய பிறகு மீதியை மூடுவதாகச் சொன்னார்கள்.

அரசன் கொடுத்த வாக்கு சபைக்கல்லைப் பற்றியது.

சபை மண்டபத்தின் நடுவே ஆளுயரக் கருங்கல் ஒன்று நின்றது. நாட்டின் அடிப்படைச் சட்டம் அதன் ஒரு முகத்தில் செதுக்கப்பட்டிருந்தது. கல்லின் முகத்துக்கு எதிரே இருப்பவர்கள் சபையில் பேசலாம். அதன் முதுகுக்குப் பின்னே இருப்பவர்கள் கேட்கலாம், பேசக் கூடாது. கல்லைக் கிளப்புவது ஆண்டுக்கு ஒரே நாள், ஆண்டின் முதல் சபை கூடுவதற்கு முந்தின நாள் மட்டும்தான். எழுத்தை மாற்ற வேண்டுமானால், கல்லின் முகத்துக்கு எதிரே இருப்பவர்களில் ஒருவர் சபையில் எழுந்து அதைக் கேட்க வேண்டும். பன்னிரண்டு பெருங்குடும்பங்களும் ஓலையில் முத்திரை வைக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

பெருங்குடும்பங்களின் பன்னிரண்டு இருக்கைகளும் கல்லின் முகத்துக்கு எதிரே தரையோடு பதிக்கப்பட்டிருந்தன. அந்த இருக்கையை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தவர் முத்திரையை இழப்பார் என்று அந்தக் குடும்பங்கள் தங்களுக்குள் ஒரு வழக்கமும் வைத்திருந்தன. கல்லின் முதுகுப் பக்கம் வெறும் மணல். மலையிலிருந்து வருபவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மணலில் உட்கார்ந்து, தங்கள் காட்டையும் ஓடையையும் பற்றி மற்றவர்கள் பேசி முடிப்பதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். போர் மூண்டதே அதனால்தான். அரசனின் சிங்காசனம் கல்லுக்குப் பக்கவாட்டில் இருந்ததால் விதி அவனைத் தொடவில்லை. அந்தச் சிங்காசனத்தின் படியில் உட்கார்ந்திருந்த விகடன் குப்பாண்டியையும் தொடவில்லை.

குப்பாண்டி மலையடிவாரத்து ஊர்க்காரன். இரு படைகளும் மாறி மாறித் தங்கிப் போன ஊர் அது. கடைசியில் அங்கே மிஞ்சியது ஒரு கிணறும் நான்கு புளியமரங்களும். அவன் அரசனைச் சிரிக்கவைக்க வந்தவன்தான். ஆனால் அந்த ஊரைப் பற்றி யாரும் அவன் முன்னால் சிரித்ததில்லை.

சபை கூடுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது அரசன் பெருங்குடும்பத்தாரை அழைத்து, மலைக்காரர்களும் சபையில் பேசலாம் என்று கல்லில் மாற்றி எழுத முத்திரை கேட்டான். அவர்களில் ஒருவரான பேரமைச்சர் வாகீசர் எழுந்தார். அரசன் எதற்கெடுத்தாலும் விகடனிடம் யோசனை கேட்பது அவருக்குப் பல நாளாகத் தொண்டையில் சிக்கிய முள்.

"அரசே, கல் அசையாது என்பதால்தான் நாடு அசையாமல் இருக்கிறது. எங்கள் முத்திரை கிடைக்காது. ஆயினும் குப்பாண்டியால் ஆகாதது இல்லை என்று தாங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். அவர் முயன்று பார்க்கட்டும். எங்களிடம் கெஞ்சக் கூடாது. மிரட்டக் கூடாது. சபை கூடும் வரை கல்லில் உளி படக் கூடாது. இவ்வளவையும் மீறாமல் பன்னிரண்டு முத்திரைகளையும் வாங்கிவிட்டால் அவருடைய அறிவுக்குத் தலைவணங்குவோம். முடியாவிட்டால் அவர் இந்த நாட்டைவிட்டுப் போகட்டும்."

அரசனுக்குப் புதிர் என்றால் சாப்பாடு கூட வேண்டாம். "நல்ல பந்தயம்" என்றான். "குப்பாண்டி, ஒப்புக்கொள்கிறாயா?"

"ஒப்புக்கொள்கிறேன் அரசே. அமைச்சர் சொன்ன மூன்றைத் தவிர நான்காவதாக ஏதாவது தடை உண்டா?"

"இல்லை" என்றார் வாகீசர், சிரித்துக்கொண்டே.

குப்பாண்டி சிரித்தபடி வெளியே வந்தான். வாசலைத் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆற்றங்கரைக்கு நடந்தான். மலைத்தலைவி மாதி, முப்பது பேரோடு அங்கே கூடாரம் போட்டிருந்தாள். ஐம்பது வயதுக்காரி. விதைத்தினையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க விகடரே. என்ன சொல்றாரு ராசா?"

"யோசிக்கிறார்."

"யோசிக்கட்டும். மழைக்கு முந்தி நாங்க தினை விதைக்கணும். சபை முடிஞ்ச மறுநாள் கிளம்பிடுவோம். குழிய மூடிட்டுப் போறதா, தோண்டிட்டுப் போறதா, அதை மட்டும் சொல்லிடுங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் குப்பாண்டியைப் பயமுறுத்தியது.

ஒன்பது நாள் அவன் சபை மண்டபத்தில் கல்லைச் சுற்றி வந்தான். முன்னால் போய்ப் படித்தான். பின்னால் போய்ப் பார்த்தான். வாகீசரின் ஆட்கள் அதைப் போய்ச் சொல்ல, அவர் வீட்டில் வெற்றிலை மணக்கச் சிரித்தார்கள்.

பத்தாம் நாள், கல்லைக் கிளப்பும் நாள். ஆண்டுதோறும் அன்று மதியம் கல்தச்சர்கள் கல்லைக் கடப்பாரையால் நெம்பிக் கிளப்பி, அடியில் புற்று வைத்திருக்கிறதா என்று பார்த்து, குழியைச் சுத்தம் செய்து, நவதானியம் தூவி, மறுபடி நிறுத்துவார்கள். பெருங்குடும்பங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று கல்லின் முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று காட்ட வேண்டும் என்பது பழைய முறை. ஆனால் வெயில் கொளுத்தும் நேரம். பன்னிரண்டு பேரும் சாப்பிட்டுப் படுக்கும் நேரம். மூன்று தலைமுறையாக ஒருவரும் வந்ததில்லை.

குப்பாண்டி பன்னிரண்டு வீடுகளுக்கும் முறையாக ஆள் அனுப்பி அழைத்தான். பதினொரு வீடுகளில் கதவே திறக்கவில்லை. வாகீசர் மட்டும் கண்ணைத் திறக்காமலே பதில் சொல்லி அனுப்பினார்: "கல் எப்படி நின்றால் என்ன, எழுத்து மாறாமல் இருந்தால் போதும்."

குப்பாண்டி அந்தப் பதிலை ஓலையில் எழுதி, கொண்டுவந்த காவலனிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

மூத்த தச்சர் எல்லப்பன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "கிளப்பியாச்சு. முகத்தை எப்பவும் போலத் தெற்கு பார்த்து வெச்சிடலாமுங்களா?"

"எப்பவும் போலன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. எங்க அப்பா அப்படி வெச்சாரு, நானும் வெக்கிறேன்."

"கல்லுல அப்படி எழுதியிருக்கா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

"எனக்குத் தெரியும். எழுதலை. வடக்கே பார்த்து வையுங்க."

எல்லப்பன் கடப்பாரையை ஊன்றி நின்றார். வடக்கே மணல் தரையைப் பார்த்தார். தெற்கே பன்னிரண்டு இருக்கைகளைப் பார்த்தார். "தலை போயிடாதுங்களே?"

"போனா என் தலைதான். அது இல்லாமத்தான் நான் வேலை பார்க்கிறேன்னு அமைச்சர் வீட்டில ஏற்கனவே பேச்சு."

எல்லப்பன் வாய்க்குள் சிரித்துக்கொண்டே ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். நான்கு கடப்பாரைகள் ஒன்றாக நெம்பின. கல் மெதுவாகத் திரும்பிக் குழிக்குள் இறங்கியது.

மறுநாள் சபை கூடியது. மாதியும் அவள் ஆட்களும் வழக்கம்போல மணலில் போய் உட்கார்ந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் எதிரே எழுத்து. பெருங்குடும்பத்தார் தங்கள் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். எதிரே வழுவழுப்பான வெறும் கல். வாகீசர் கண்ணைக் கசக்கிப் பார்த்தார். துள்ளி எழுந்து வாயைத் திறந்தார்.

கட்டியங்காரர் தம் தடியைத் தரையில் தட்டினார். "கல்லின் முதுகுக்குப் பின்னே இருப்பவர்கள் பேசலாகாது."

அரசன் கல்லைப் பார்த்தான், குப்பாண்டியைப் பார்த்தான். மீசைக்குள் ஏதோ துடித்தது. வாகீசர் ஓர் ஓலையைப் பிடுங்கி எழுதி அனுப்பினார். அரசன் உரக்கப் படித்தான். "கல்லைத் திருப்பியவன் யார்? உடனே பழையபடி வைக்க வேண்டும்."

குப்பாண்டி சாட்சி ஓலையை நீட்டினான். "அரசே, பன்னிரண்டு வீட்டாரையும் அழைத்தேன். அமைச்சர் சொல்லியனுப்பியது இது. எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. உளியும் படவில்லை. பழையபடி வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் சட்டப்படி இனி அடுத்த ஆண்டுதான் கல்லைக் கிளப்பலாம். அமைச்சர் பெருமானே சட்டத்தை மீறச் சொல்வார் என்று நான் நம்பவில்லை."

அரசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மணல் பக்கம் திரும்பினான். "மாதி, நீ பேசலாம்."

மாதி எழுந்தாள். சபையில் மலைக்காரி ஒருத்தியின் குரல் முதன்முதலாகக் கேட்டது. "ராசா, எங்க ஓடைத் தண்ணியைக் கீழே அணை கட்டி மறிச்சு, அமைச்சர் ஐயா வெற்றிலைக் கொடிக்காலுக்குத் திருப்பியிருக்காங்க. எங்க பக்கம் மீனும் இல்லை, தினையும் இல்லை. அணையை உடைக்கணும்."

"நியாயமாகத்தான் தெரிகிறது" என்றான் அரசன். "யாருக்காவது மறுப்பு உண்டா?"

வாகீசர் எழுந்து நின்றார். கைகளை விரித்தார். ஓடை, கொடிக்கால், பரம்பரை உரிமை எல்லாவற்றையும் கைகளாலேயே காட்டினார். கட்டியங்காரர் தடியை உயர்த்தினார்.

"மறுப்பு இல்லை போலிருக்கிறது" என்றான் அரசன். "முடிவை மாலையில் எழுதுவோம்."

பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலை வரை இப்படி. நாளை இப்படி. ஓர் ஆண்டு முழுதும் இப்படி. ஒருவர் மணலை ஏக்கத்தோடு பார்த்தார். இறங்கினால் முத்திரை போய்விடும். ஓர் ஓலை கைமாறியது. எழுத்தாணிகள் கீறின. பொழுது உச்சிக்கு வருமுன் அந்த ஓலை அரசனிடம் வந்தது: சபையில் எங்கே இருப்பவரும் பேசலாம் என்று கல்லில் மாற்றி எழுத எங்களுக்குச் சம்மதம். அடியில் பன்னிரண்டு முத்திரைகள். முதல் முத்திரை வாகீசருடையது.

அரசன் சிரிக்கப் போனான். குப்பாண்டி அவன் காதருகே குனிந்தான். "இன்னும் முடியவில்லை அரசே. கல்லின் முகத்துக்கு எதிரே இருக்கும் ஒருவர் அதைக் கேட்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் நாம் கேட்க முடியாது. இப்போது அந்த உரிமை மணலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்."

எல்லாத் தலைகளும் மாதியின் பக்கம் திரும்பின. அவள் தம்பி அவள் முந்தானையை இழுத்து, ஊருக்கே கேட்கும்படி முணுமுணுத்தான். "சும்மா இரு அக்கா. ஒரு வருசம் அவங்க வாயை மூடிக்கிட்டுக் கிடக்கட்டும். நாம கிடக்கலையா?"

குப்பாண்டியால் கல்லைத் திருப்ப முடிந்தது. இதற்கு மேல் திருப்ப அவனிடம் ஒன்றும் இல்லை. பாதி மூடிய குழி கண்ணில் நின்றது. நான்கு புளியமரங்கள் நின்றன.

மாதி முந்தானையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு ராசா, இவங்க இப்படி உக்காந்திருக்கிறதைப் பாக்க" என்றாள். "ஆனா அடுத்த வருசம் கல்லைக் கிளப்புற அன்னிக்கு இவங்க யாரும் தூங்க மாட்டாங்க. ஆளும் அம்புமா வந்து நிப்பாங்க. அப்ப நாங்களும் வேலோட வரணும். கல்லு வருசா வருசம் திரும்பும். நாங்க எப்பத்தான் தினை விதைக்கிறது? எந்தப் பக்கம் உக்காந்தாலும் பேசலாம்னு எழுதிடுங்க. நான் கேக்கிறேன்."

அன்று பிற்பகல் எல்லப்பனின் உளி அந்தக் கல்லில் பட்டது. எழுத்து முடிந்த நொடியில் வாகீசர் பேச ஆரம்பித்தார். கொடிக்காலைப் பற்றி, விளக்கேற்றும் நேரம் வரை பேசினார். "பேசட்டும், நாங்களும் கேக்கிறோம்" என்றாள் மாதி. கடைசியில் அணையில் ஒரு மதகு வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுவது என்று முடிவானது. மறுநாள் காலை மலைக்காரர்கள் குழியின் மறுபாதியை மூடி மிதித்துவிட்டு, விதை மூட்டைகளோடு ஊருக்குக் கிளம்பினார்கள்.

அதற்கு முந்தின இரவு, சபை கலைந்ததும் அரசன், அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விகடனுக்குப் போட்டான். "போதாது. இன்னும் ஏதாவது கேள்."

"கல்லை நெம்பிய நான்கு கடப்பாரைகளையும் இந்த மண்டபத்துத் தூணில் சாய்த்து வைக்க வேண்டும் அரசே."

"எதற்கு?"

"இந்தக் கல் அசையாது என்று இனி யாராவது சொன்னால், தாங்கள் பதிலே பேச வேண்டாம். அந்தத் தூணைப் பார்த்தால் போதும்."

அரசன் மறுபடி சிரித்ததில் கிரீடம் காதுவரை இறங்கியது. அப்படியே ஆகட்டும் என்றான். கடப்பாரைகள் துருப்பிடிக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் பூசும் பொறுப்பையும் அன்றே ஒப்படைத்தான். அடுத்த ஆண்டு கல்லைக் கிளப்பும் நாளன்று, மதிய வெயிலில், எண்ணெய்க் கிண்ணத்தோடு முதல் ஆளாக வந்து நின்றவர் வாகீசர். அதன்பின் எந்த ஆண்டும் அவர் அந்த நேரத்தில் தூங்கியதில்லை.